சயனைடு மேட்டுக்கு அப்பாலும் மலை உண்டு

தங்கவயலில் பிறந்து வளர்ந்த ஒரு சிறுவனிடம், "மலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் கை நீளும் திசையில் சயனைடு மேடு இருக்கும்.

சுரங்கத்திலிருந்து வெட்டி எடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலைக் கொண்டு தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண் அது. இப்படி 13 மேடுகள். மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல் என்பது கணக்கு. மழை அதை அரித்து வாய்க்கால் வாய்க்காலாகக் கீறியிருக்கிறது. காற்றடி காலம் வந்தால் அந்தத் தூசி ஜன்னல் வழியே புகுந்து சோற்றுப் பானையிலும் விழும். சினிமாக்காரர்கள் வந்து சண்டைக் காட்சி எடுத்துக்கொண்டு போவார்கள். மாலை நேரங்களில் பையன்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து காற்று வாங்குவார்கள்.

சுரங்கம் துப்பிய கழிவின் மேல் ஏறி நிற்பதுதான் தங்கவயல் பிள்ளைக்கு விதிக்கப்பட்ட மலையேற்றமா?

ராபர்ட்சன்பேட்டை பஸ் நிலையத்தில் ஏறி உட்கார்ந்தால், ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்திற்குள் இறங்கி ஏறக்கூடிய உண்மையான மலைகள் நாலு திசையிலும் இருக்கின்றன. கோலார் நகரத்தை ஒட்டி அந்தர கங்கை. முல்பாகல் பக்கம் ஆவணி, குருடுமலை. பங்காருபேட்டைக்குத் தெற்கே பூதிக்கோட்டை. ஆயிரம் ஆண்டுக் கோயில்களும் கோட்டைச் சுவர்களும் கல்வெட்டுகளும் இந்த மலைகளின் அடியிலும் முடியிலும் கிடக்கின்றன. கைமாற்று வாங்கி ஆண்டுக்கொரு முறை ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் குடும்பத்தோடு போய் வருகிறவர்கள், பக்கத்து பஸ்ஸில் ஏறினால் இறங்கும் இந்த மலைகளை எட்டிப் பார்ப்பதில்லை. அப்படியே போனாலும் கோயில் வாசலில் தேங்காய் உடைத்து, அர்ச்சனை முடித்து, அடுத்த பஸ்ஸில் திரும்பி விடுகிறார்கள். மலை அங்கேயே நிற்கிறது.

இதற்குக் காரணம் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு தங்கவயல்காரனின் வாழ்க்கை ரயிலில் ஓடுகிறது. விடியுமுன் மாரிகுப்பத்திலோ ஊரகத்திலோ ஏறி, பெங்களூரில் வேலை பார்த்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில். கடைச் சிப்பந்தி, காவலாளி, கட்டட வேலைக்காரர், ஆபீஸ் குமாஸ்தா, தையல் தொழிற்சாலைப் பெண்கள் என்று எல்லோருக்கும் ஒரே கதை. "ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் சார் கண்ணை மூடுறோம், அதையும் மலையில கொண்டுபோய்த் தொலைக்கணுமா?" என்று அவர்கள் கேட்டால் நியாயம்தான்.

ஆனால் ஆறு நாள் ரயிலில் இடிபட்ட உடம்புக்கு ஏழாம் நாள் படுக்கை மட்டும் போதாது என்பதை அந்த உடம்பே சொல்லும். வாரம் முழுவதும் அப்பன் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் மட்டும் பார்க்கும் பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள்.

இறங்கியவர்கள் ஏறவில்லை

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியபோது, வட ஆற்காடு பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் இன்றைய தங்கவயல் தமிழர்களின் பாட்டன், பூட்டன். அவர்கள் போன திசை ஒன்றே ஒன்று. அது கீழ்த்திசை. கிழக்கு அல்ல, பாதாளம். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் கீழே போயிற்று. அவ்வளவு ஆழம் இறங்கிய பரம்பரையில், தரைக்கு மேலே சில நூறு மீட்டர் ஏறிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஏற விட்டார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் உடம்பைத் தடவிச் சோதனை. கம்பெனி கட்டிய லைன் வீடு, கம்பெனிக் காவல். 1930-ல் எல்லோரும் கைரேகை வைத்துப் பெயர் பதிய வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது, அதை எதிர்த்துத் தொழிலாளர்கள் சுரங்கத்தில் இறங்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்படி இருந்த ஊரில், ஒரு மனிதன் வேலையுமில்லாமல், சாமி கும்பிடவும் இல்லாமல், சும்மா மலையைப் பார்த்து நடந்து போவது என்பது வழக்கமாக வளர முடியவில்லை. அந்தக் காவல் எல்லாம் போய்விட்டது. வழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

அந்தர கங்கை

முதலில் எளிதான மலை. பங்காருபேட்டை வழியாகக் கோலார் போகும் பஸ்ஸில் ஏறிக் கோலார் பஸ் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து மலையடிவாரம் 3, 4 கிலோ மீட்டர்தான். ஆட்டோ கிடைக்கும். நடந்தால் முக்கால் மணி நேரம். நூறு சிகரம் உடையது என்ற பொருளில் சதசிருங்க மலை என்று இந்த மலைத்தொடருக்குப் பெயர். படிக்கட்டு ஏறினால் காசி விசுவேசுவரர் கோயில். கல் நந்தியின் வாயிலிருந்து ஊற்று நீர் விழுகிறது. வறட்சிக்குப் பெயர்போன கோலாரில் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மக்கள் வியந்து வைத்த பெயர்தான் அந்தர கங்கை. குரங்குகள் ஏராளம். கையில் தின்பண்டப் பை வைத்திருந்தால் அது உங்களுடையது அல்ல.

பெரும்பாலோர் இந்த இடத்தோடு திரும்பி விடுகிறார்கள். உண்மையில் மலை தொடங்குவதே இதற்கு மேல்தான். யானை யானையாகப் பாறைகள் ஒன்றன் மேல் ஒன்று சரிந்து கிடக்கின்றன. அவற்றின் இடுக்குகள் குகைகளாக இருக்கின்றன. வயிற்றை எக்கிக்கொண்டு நுழைய வேண்டிய இடமும் உண்டு. இவற்றைக் கடந்து உச்சிக்கு வந்தால் வயலும் வீடுமாகக் கிராமங்கள்! மேலே தேரஹள்ளி முதலாக ஏழு ஊர்கள் உண்டு என்பார்கள். மலைமேல் கேழ்வரகு விளைகிறது, மாடு மேய்கிறது. கீழே கோலார் நகரம் தீப்பெட்டி அடுக்கியது போல் தெரியும்.

இந்தக் குகைகளைப் பெங்களூர் இளைஞர்கள் நன்றாக அறிவார்கள். வார இறுதியில் வேன் வைத்துக்கொண்டு, வழிகாட்டிக்குப் பணம் கட்டி, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு வருகிறார்கள். வரட்டும், தவறில்லை. ஆனால் முப்பது கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கும் தங்கவயல் பையனுக்கு அந்தக் குகை இருப்பதே தெரியாது என்றால் அது கொஞ்சம் வெட்கமான விஷயம்தான்.

இறங்கி வந்தவர்கள் கோலாரம்மன் கோயிலையும் சோமேசுவரர் கோயிலையும் பார்க்காமல் பஸ் ஏறக் கூடாது. கோலாரம்மன் கோயில் கல்லில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ் எழுத்து இருக்கிறது. கோலாரின் பழைய பெயர் குவளாலம். சோழர் ஆட்சியில் இந்தச் சீமை நிகரிலிச் சோழ மண்டலம். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் என்றாலே வயிற்றைக் கலக்கிய நன்னூல் எல்லோருக்கும் நினைவிருக்கும். பவணந்தி முனிவரை அதை எழுதச் செய்த சீயகங்கன், 'குவளாலபுரப் பரமேசுவரன்' என்று பட்டம் சூட்டிக்கொண்டவன். அந்தக் குவளாலபுரம்தான் இன்று பஸ் மாறுவதற்காக அவசர அவசரமாக இறங்கி ஓடும் கோலார்.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். கல்லில் தமிழ் இருக்கிறது என்பதற்காக மலைக்குப் பட்டா கேட்கிற புத்தி வேண்டாம். அடுத்த கல்லில் கன்னடம் இருக்கிறது. கங்கர், பாணர், நொளம்பர், சோழர், விஜயநகரத்தார் என்று எல்லோரும் இங்கே எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்கள். 1905-ல் லூயிஸ் ரைஸ் இந்த மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்ட தொகுதியைப் புரட்டினால் தமிழும் கன்னடமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைக் காணலாம். மொழியின் பேரால் அடிதடி கண்ட ஊர்க்காரர்களுக்கு அந்தப் பக்கங்கள் நல்ல படிப்பினை.

ஆவணி, குருடுமலை

முல்பாகல் போவதற்குப் பேத்தமங்கலம் வழி. சுரங்க நாட்களில் தங்கவயலுக்குக் குடிநீர் கொடுத்தது பேத்தமங்கலம் ஏரி. பாணர் காலத்தில் விஜயாதித்தமங்கலம் என்று இருந்த பெயர் தேய்ந்துதான் இப்படி ஆயிற்று. இதில் வந்து சேர்வது பாலாறு. தங்கவயல்காரர்களின் முன்னோர் எந்த ஆற்றங்கரையிலிருந்து பிழைப்புத் தேடி வந்தார்களோ, அதே ஆறு! வேலூரில் மணலாகப் பார்த்ததை இங்கே தண்ணீராகப் பார்க்கலாம், மழை பெய்த ஆண்டாக இருந்தால்.

ஆவணி என்ற பெயர் மாதத்தின் பெயர்போல் இருந்தாலும் அது ஊர். முல்பாகலிலிருந்து சுமார் 13 கிலோ மீட்டர். அடிவாரத்தில் ராமலிங்கேசுவரர் கோயில். ராமர் மட்டுமல்ல, லட்சுமணன், பரதன், சத்துருக்கனன் பெயரிலும் தனித்தனியே சிவன் கோயில்கள் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. நொளம்பர் காலத்து வேலை. 10-ஆம் நூற்றாண்டில் திரிபுவனகர்த்தர் என்ற துறவி இந்தத் தலத்தை 40 ஆண்டுகள் நிர்வகித்து, 50 கோயில்களும் 2 பெரிய ஏரிகளும் அமைத்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. சாமியார் என்றால் ஏரி வெட்ட வேண்டும். இந்தக் காலத்தில் யாரிடம் போய்ச் சொல்வது!

கோயிலுக்குப் பின்னால் மலை. வால்மீகி ஆசிரமம் இங்கேதான் இருந்தது, லவனும் குசனும் பிறந்தது இந்த மலையில்தான் என்பது ஐதீகம். உச்சியில் சீதைக்குக் கோயில். சீதைக்கென்று கோயில் எங்கும் அடிக்கடி காணக் கிடைப்பதில்லை. பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் ஏறுகிறார்கள். பாறையில் வெட்டிய படிகள், இடையே சுனைகள், குறுகலான பாறைச் சந்துகள். வெயில் ஏறுமுன் தொடங்கினால் வயதானவர்களும் நின்று நின்று ஏறி விடலாம். பத்து மணிக்கு மேல் பாறை சுடும். செருப்பில்லாமல் போகிறவர்கள் அதை மறக்கக் கூடாது.

குருடுமலை முல்பாகலுக்கு அந்தப் பக்கம், சுமார் 10 கிலோ மீட்டர். தேவர்கள் கூடிய மலை, அதாவது கூடுமலை, அதுதான் குருடுமலை ஆயிற்று என்பார்கள். ஒரே கல்லில் 13 அடிக்கு மேல் உயரமாக உட்கார்ந்திருக்கும் விநாயகரைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. சோமேசுவரர் கோயிலுக்கு அதில் பாதிக் கூட்டமும் இல்லை. சிற்ப வேலை அங்கேதான் இருக்கிறது.

முல்பாகல் என்றாலே 'மூடல பாகிலு', கிழக்கு வாசல். மைசூர் சீமைக்குக் கிழக்கே இருந்து வருகிறவனுக்கு இது கதவு. 1768-ல் ஹைதர் அலியும் கும்பினிப் படையும் இங்கே மோதிக்கொண்டார்கள். கோட்டை மலைமேல் இன்னும் சுவர் நிற்கிறது. அதே ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டைக்குப் பங்காருபேட்டையிலிருந்து பஸ் போகிறது. அவன் தந்தை பதே முகம்மது அங்கே பவுஜ்தாராக இருந்தார். ஆற்காட்டையே நடுங்க வைத்தவன் பிறந்த ஊர் தங்கவயலுக்குப் பக்கத்து ஊர் என்பதை வட ஆற்காட்டு வம்சத்தார் போய்ப் பார்க்க வேண்டாமா?

ரயிலில் போகிறவர்கள் பங்காருபேட்டைக்கும் மாலூருக்கும் நடுவே டேக்கல் ஸ்டேஷன் பக்கத்துப் பாறைக் குன்றுகளைத் தினமும் இரண்டு முறை பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள் என்று சொல்வதும் தப்பு. போகும்போது தூக்கம், வரும்போது இருட்டு.

பஸ் இருந்தால் மலை உண்டு

2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் குடியிருக்கும் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்களில் கட்டணம் இல்லை. சக்தி திட்டம் என்று பெயர். வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய ஒத்தாசை என்று சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தாயும் இரண்டு பெண்களும் ஆவணிக்குப் போய் வந்தாலும் பஸ்ஸுக்குச் செலவில்லை என்பதை யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. அப்பனுக்கும் பையனுக்கும் டிக்கெட் எடுத்தால் போதும். கட்டுச்சோறு வீட்டிலிருந்து வரும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தனியார் பஸ்ஸில் இந்தச் சலுகை இல்லை. கிராமத்துக்குள் நுழையும் பஸ்ஸோ நாளுக்குச் சில தடவைதான். காலையில் கொண்டுபோய் விடும் பஸ் மாலையில் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தெரியும். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு காலப் பலகை கிடையாது. கடைசி பஸ் போய்விட்டால் ஆட்டோக்காரர் கேட்டது கூலி. பெண்பிள்ளைகளோடு வந்தவர்கள் அந்தப் பயத்திலேயே மலையைப் பாதியில் விட்டு இறங்கி விடுகிறார்கள். மலையில் எங்கே திரும்புவது என்று காட்டும் அம்புக்குறியும் இல்லை. குடிதண்ணீர் இல்லை. பெண்கள் ஒதுங்க இடம் இல்லை.

சுற்றுலா வளர்ச்சி என்ற பேச்சு வரும்போதெல்லாம் ரோப் கார், ஓய்வு விடுதி, கார் நிறுத்துமிடம் என்றுதான் திட்டம் போடுகிறார்கள். காரில் வருகிறவனுக்கு வழி எப்படியும் தெரிந்துவிடும். பஸ்ஸில் வருகிறவனுக்கு வேண்டியது நாலு பலகையும் ஒரு மாலை பஸ்ஸும். இதற்குக் கோடிக் கணக்கு தேவையில்லை. பலகையில் கன்னடம் முதலில் இருக்கட்டும். கீழே தமிழும் தெலுங்கும் இரண்டு வரி இருந்தால் மூன்று பாஷையும் பேசும் இந்த எல்லைச் சீமையில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏழைத் தொழிலாளிக்கு மலை எதற்கு என்று நினைக்கிறவர்கள் இங்கிலாந்துக் கதை ஒன்றைக் கேட்க வேண்டும். மான்செஸ்டர் பஞ்சாலைப் புகையில் வாழ்ந்த தொழிலாளிகளுக்குப் பக்கத்து மலைகளில் கால் வைக்க அனுமதி இல்லை. பிரபுக்கள் பறவை சுடுவதற்காக வேலி போட்டு வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை, சில நூறு இளைஞர்கள் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் என்ற மலையில் ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் 1949-ல் நடைபாதை உரிமைக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் சட்டம் வந்தது. 1951-ல் அந்த மலைகளே நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயின. இங்கே வேலியும் இல்லை, சிறையும் இல்லை. போக ஆள்தான் இல்லை.

தங்கவயலுக்கு மேஸ்திரியாகவும் கேப்டனாகவும் வந்த வெள்ளைக்காரர்களில் பலர் கார்ன்வால் சீமைச் சுரங்கக்காரர்கள். அங்கேயும் சுரங்கங்கள் மூடிவிட்டன; கடைசித் தகரச் சுரங்கம் 1998-ல் நின்றது. அவர்கள் என்ன செய்தார்கள்? குதிரை இழுத்த தாது வண்டிகளின் பழைய தடத்தைச் செப்பனிட்டு, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை 11 மைல் நடைபாதை ஆக்கிவிட்டார்கள். 2006-ல் அந்தச் சுரங்கச் சீமை உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. இங்கே சாம்பியன் ரீப்பிலும் ஊரகத்திலும் துருப்பிடித்து நிற்கும் சுரங்கக் கோபுரங்களைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்றாலும் கேட்டுக்கு வெளியே நின்றுதான் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆள் நடமாட்டம்

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. கோலார் மாவட்டத்துப் பாறைக்கு நல்ல விலை. குவாரி வைத்து, ஜல்லி இயந்திரம் ஓட்டி, குன்றுகளைக் கரைக்கிறார்கள். நேற்றுவரை நின்ற குன்றின் இடத்தில் இன்று பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம் இருப்பதைப் பஸ் ஜன்னல் வழியாகவே பல இடங்களில் பார்க்கலாம். யார் கேட்டார்கள்? யாரும் போகாத மலைக்கு யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். ஞாயிறுதோறும் நூறு பேர் ஏறி இறங்கும் மலையில் வெடி வைக்க எவனும் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பான். கல்வெட்டுக்கும் அதே காவல்தான். எழுத்துள்ள கல்லைத் துணி துவைக்கப் போட்டிருப்பதைக் கண்டால், அது எழுத்து என்று சொல்ல ஒருவராவது அந்த வழியாக வரவேண்டும் அல்லவா?

ஏறப் போகிறவர்களும் கொஞ்சம் பொறுப்போடு போக வேண்டும். அந்தர கங்கைப் பாறை இடுக்குகளில் பிளாஸ்டிக் தாளும் உடைந்த பாட்டிலும் கிடக்கும் கோலத்தைப் பார்த்தால், ஜனங்கள் வராமல் இருந்ததே மேல் என்று மலைமேல் இருக்கும் கிராமத்தார் நினைத்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை. அவர்கள் வயல் வரப்பில் நடக்கும்போது கேட்டுவிட்டு நடப்பது மரியாதை.

சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் தங்கவயலில் குறைவில்லை. பொங்கல் விழாவுக்குப் பேச்சாளரை அழைக்கும் செலவில், மாதம் ஒரு ஞாயிறு முப்பது பேரை ஆவணிக்கு அழைத்துப் போகலாம். பழைய எழுத்து படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைக் கூட்டிக்கொண்டால் போதும். அந்த முப்பது பேர் கையெழுத்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் முல்பாகல் பக்கத்துக் கிராம பஸ்களின் கடைசி நடையை ஒரு மணி நேரம் தள்ளி விடுங்கள் என்று கோலார் டிப்போவில் மனுக் கொடுக்கட்டும். அது கிடைக்கும்வரை ஒரு வழிதான் உண்டு. காலையில் இறங்கும்போதே கண்டக்டரைப் பிடித்து, "அண்ணா, சாயந்திரம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டு, அவர் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே ஆலமரத்தடிக்கு வந்துவிட வேண்டியது.